லாரிக்குள் ஒரு படுக்கை

நாமக்கல்லிலிருந்து வடக்கே சரக்கேற்றிச் செல்லும் லாரிகளில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகைதான் இரவுப் படுக்கை. அதன் நீள அகலத்தை அளந்த பிறகே மெத்தை வாங்க வேண்டும். விளிம்பைத் தாண்டித் தொங்கும் மெத்தை ஓட்டத்தில் நழுவும்.

பெரும்பாலான லாரிகளில் கேபினுக்கு அடியிலேயே எஞ்சின். வண்டி நின்ற பிறகும் சூடு மேலே ஏறிக்கொண்டிருக்கும். ரெக்சின் உறை வியர்வையை உறிஞ்சாது; ஃபோம் உடல்சூட்டைத் தேக்கிவைக்கும். இவற்றைவிட இலவம் பஞ்சு மெத்தை மேல்; அந்தப் பஞ்சின் இழை குழல்போல உள்ளீடற்றது, மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் எடை குறைவு, ஈரமும் எளிதில் ஏறாது. நாளடைவில் அமுங்கிக் கட்டிதட்டுவதுதான் அதன் குறை. அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டினால் ஓரளவு மீளும். மேலே விரிக்கப் பருத்தி ஜமுக்காளம் ஏற்றது. பவானி நெசவு முரட்டு உழைப்பைத் தாங்கும். கடுங்கோடையில் மெத்தையே வேண்டாம், கோரைப்பாய் போதும்.

வட இந்தியக் குளிர்காலத்துக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது. போர்வையை மேலே மட்டும் அடுக்கிப் பயனில்லை. குளிர் பலகை வழியாக முதுகில் ஏறும். ஒரு கம்பளியை மடித்து அடியில் போடுவது அவசியம். குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டோ கரியடுப்பு மூட்டியோ கண்ணாடிகளை அடைத்துத் தூங்குவது உயிரைப் பறிக்கலாம். அப்போது உள்ளே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அப்படித் தூங்குவதற்குப் பதில் இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்வது மலிவு.