கடாரத்து இரவுகள்: கடல் கடந்து வந்தோரும் திருவிழாவும்



அயல்நாட்டுக்குப் பிழைக்கச் சென்றவன் தன் பகற்பொழுதை முதலாளியிடம் ஒப்படைத்துவிடுகிறான். எஞ்சிய இரவை அவன் எவ்வாறு கழித்தான் என்பதை வரலாற்று நூல்கள் அவ்வளவாக எழுதுவதில்லை. ஏற்றுமதியான ரப்பருக்குக் கணக்கு உண்டு. விடிய விடிய அமர்ந்து நாடகம் பார்த்தவர்களுக்குக் கணக்கு இல்லை. கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தமிழர் கழித்த அவ்விரவுகளைப் பற்றியதே இவ்வுரை.

தமிழர் இம்மண்ணில் திருவிழாக் கொண்டாடுவது புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டை ஒட்டிப் படையெடுத்த கடாரம் இதுவே. அதற்கும் முன்பிருந்தே பூஜாங் பள்ளத்தாக்கில் கடல் வணிகர் வந்து தங்கினர். பாய்மரக் கப்பல் திரும்பிச் செல்ல எதிர்ப் பருவக்காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மெர்போக்கில் இன்று காணப்படும் புக்கிட் பத்து பகாட் ஆலயத்தின் அடித்தளம் போன்றவை அக்காலத்தில் இங்கு வழிபாடு நிகழ்ந்ததற்குச் சான்று பகர்கின்றன. அந்த வணிகர்கள் காற்று திரும்பியதும் சென்றுவிட்டனர். ஊர் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்து, திரும்பாமலே போனவர்கள் பிற்காலத்துத் தோட்டத் தொழிலாளர்கள்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, கெடா தோட்டங்களுக்குக் கங்காணிமாரோடு சென்றனர். பீடோங், குருண், கூலிம், பாடாங் செராய் என ஊர்ப்பெயர்கள் புதியவை. ஆயினும் தோட்டத்தின் நேரம்தான் அவர்களுக்கு அதைவிடப் புதியதாக இருந்தது. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். ஆதலால் இருள் விலகுமுன்னரே பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டியவன் இரவில் விழித்திருப்பது உடலுக்கு எத்தகைய சோதனை என்பது இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். அப்படியும் அவர்கள் விழித்திருந்தார்கள்.

வடபகுதியாகிய கெடாவில் ஆண்டின் தொடக்கம் வறண்ட காலம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, பால் குறைந்துவிடும். தைப்பூசமும் மாசி மகமும் பங்குனி உத்திரமும் வருவது ஏறக்குறைய அக்காலத்தில்தான். தமிழ்நாட்டில் அறுவடைக்குப் பின் வந்த விழாக்கள் இங்கே மரத்தின் ஓய்வோடு பொருந்திக்கொண்டன. பஞ்சாங்கத்தைச் சுமந்து வந்தவர்களுக்கு மரமும் ஒத்துழைத்தது எனலாம்.

மாரியம்மனும் முனீஸ்வரரும் மதுரை வீரனும் காவல் காத்த அத்தோட்டங்களில், திருவிழாவுக்கான பணம் பல இடங்களில் மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. கரகம், தீச்சட்டி, தீமிதி ஆகியவற்றுக்குப் பின் இரவு நாடகம். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திரனும் காஸ் விளக்கொளியில் பலகை மேடையேறின. வள்ளி வேடம் பூண்டவர் பெரும்பாலும் மீசை மழித்த ஓர் ஆடவரே. உண்மையில் நாடக இரவைவிட அதற்கு முந்தைய ஒத்திகை இரவுகளே சுவையானவை. எழுதப் படிக்கத் தெரியாதவர் பிறர் படிக்கக் கேட்டே நூற்றுக்கணக்கான வரிகளை மனனம் செய்தார். பகலில் பால் வாளி தூக்கியவர் மாலையில் மன்னராகச் சிம்மாசனத்தில் அமர்ந்து நீதி வழங்கினார். ஆனால் முதல் மரியாதை அப்பொழுதும் துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்குமே சென்றது. சாதி பார்த்து வரிசை வகுத்த தோட்டங்களும் இருந்தன. அந்த இரவுகளை வெறும் பொற்காலமாகப் போற்றுவது பொருந்தாது.

பிற்காலத்தில் திரைப்படமும் வந்தது. திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். முன்புறம் இடம் கிடைக்காதவர் பின்புறம் அமர்ந்து, தலைகீழாக அல்ல, இடம்வலமாக மாறிய எழுத்துகளோடு அதே படத்தைப் பார்த்தனர். கதை விளங்குவதற்கு அது தடையாக இல்லை.

இவ்வளவும் ஆண்டில் சில நாட்களுக்கே. ஏனைய மாலைகளுக்குத் தோட்ட நிர்வாகம் வைத்திருந்தது கள்ளுக்கடை. குடித்தவனை மட்டும் குறை கூறிவிடுவது எளிது. லயத்து வீட்டில் இடமில்லை, படிக்க நூலில்லை, செல்ல வேறிடமில்லை என்ற நிலையில், நடந்து செல்லும் தூரத்தில் கள் கிடைக்கச் செய்தவர் யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். 1941இல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தின்போதே கள்ளுக்கடைகளை மூடுவது ஒரு கோரிக்கையாக எழுந்தது. ஜப்பானியர் காலம் முடிந்தபின் கெடாவில் அக்கோரிக்கை இயக்கமாகவே உருவெடுத்தது. சயாம் மரண ரயில் பாதையில் உறவினரைப் பறிகொடுத்திருந்த தொழிலாளர்களிடையே, பீடோங் அருகேயுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அதன் இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நடந்த மறியல் காவல்துறையினருடன் மோதலாக முடிந்தது. தொழிலாளர் உயிரிழப்பும் நேர்ந்தது. குடித்தவர்களைத் தொண்டர் படையினர் தண்டித்த முறை சில இடங்களில் கடுமையாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும், தன் மாலைப்பொழுதை எவ்வாறு கழிப்பது என்பதைத் தோட்டத் துரை அல்லாமல் தானே தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகவும் இந்நாட்டில் தமிழ்த் தொழிலாளி போராடியிருக்கிறான். தோட்ட வரலாறு பேசுவோர் கூலி உயர்வைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தால் காட்சியே வேறு. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய மலாய் நாடகமாகிய பங்சாவான், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு உருவானது. சீனர்களின் பேய் மாதத்தில் தெருவோர மேடையில் நடக்கும் வாயாங்கை மொழி புரியாத தமிழரும் நின்று பார்த்தனர். பினாங்குத் தைப்பூசத்தில் நகரத்தார் வெள்ளி இரதம் புறப்படும்போது சாலையில் மலைபோல் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனர் ஏராளம். கெடாவில் சுங்கைப் பட்டாணி அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத் தைப்பூசத்துக்குத் தோட்டத்து மக்கள் லாரிகளில் வந்து இறங்கிய காலம் உண்டு. அங்கே பெண் பார்த்தார்கள், பழைய கப்பல் தோழரைத் தேடினார்கள், ஊர்க் கடிதச் செய்தியைப் பகிர்ந்துகொண்டார்கள். காவடி பார்த்த நேரத்தைவிட அதற்கே அதிக நேரம் செலவாகியிருக்கும்.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. குடிகள் பெயர்ந்தபின் கோயில் மட்டும் நிற்கும் இடங்கள் உண்டு. அது நிற்கும் நிலம் கோயிலின் பெயரில் இராது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை பட்டணங்களிலிருந்து வாகனங்கள் அங்கே திரும்பி வருகின்றன. உறுமி மேளத்தோடு ஆடிவரும் இளைஞர்களைக் கண்டு முதியோர் முகம் சுளிக்கின்றனர். சினிமா மெட்டைக் குறைக்கச் சொல்வது நியாயமே. ஆனால் கூத்து மேடையில் ஏறிய பாட்டனின் உடல் எதைத் தேடியதோ, அதையே பேரனின் உடலும் தேடுகிறது என்பதை நினைத்துக் கண்டித்தால், கண்டிப்பு காதில் ஏறும்.

இன்னுமொன்று. இப்போது இங்கே அயல்நாட்டவர் யார்? தமிழ்நாட்டிலிருந்து அனுமதிச் சீட்டில் வந்து திருவிழாவுக்கு வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞருக்கு, மற்றவர் களிக்கும் இரவு வேலை நேரம். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் உழைக்கும் நேபாள இளைஞர்கள் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்புகிறார்கள். அவர்களுள் பலர் இந்துக்கள். தைப்பூச இரவில் அன்னதான வரிசையின் கடைசியில், நுழையலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு நிற்கும் அவர்களைக் காணலாம். திருவிழா அறிவிப்புப் பலகைகள் தமிழிலும் மலாயிலும் எழுதப்படுகின்றன. நேபாளியில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகிவிடாது. எழுதித் தருவதற்கும் அந்த வரிசையிலேயே ஆள் இருக்கிறார்.