ஒற்றை விமானி, ஒன்றரை டன் சரக்கு

அமெரிக்காவில் ஒருவர் மாலையில் அனுப்பிய மருந்துப் பெட்டி மறுநாள் காலையில் தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் கடைசிக் கட்டப் பயணத்தைப் பல இடங்களில் பார்த்துக்கொள்பவர், சிறிய சரக்கு விமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளம் விமானி. பெரிய ஜெட் விமானம் விடியற்காலையில் நகரத்தில் பார்சல்களை இறக்கும். பக்கத்திலேயே செஸ்னா கேரவன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்கள் காத்து நிற்கும். ஏறத்தாழ ஒன்றரை டன் சரக்கு, ஒரே ஒரு விமானி. எடைக் கணக்குப் போடுவது, சரக்கு நகராமல் வலை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது, பல ஊர்களில் பெட்டிகளைத் தூக்கி ஏற்றுவதுகூட அவர் பொறுப்புதான். பகல் முழுக்கச் சிற்றூரில் காத்திருந்து, மாலையில் அங்கே சேர்ந்த பார்சல்களோடு திரும்ப வேண்டும். விமானத்தில் பயணிகள் இல்லை என்பதைக் காரணம் காட்டி இவருடைய பாதுகாப்பில் கைவைப்பது நியாயமில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும்போது, பயணிகளை ஏற்றிய சிறு விமானத்தில் இரண்டாவது விமானி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. ஒன்பது இருக்கைகளுக்கு மேற்படாத விமானமென்றால், இரண்டாமவருக்குப் பதிலாக அங்கீகாரம் பெற்ற ஆட்டோபைலட் இருந்தால் போதும். அதே விமானத்தில் இருக்கைகளை எடுத்துவிட்டுப் பெட்டிகளை அடுக்கிவிட்டால் இரண்டுமே தேவையில்லை. மேகம் அதேதான், தரையிறங்கும் ஓடுபாதையும் அதேதான். ஒரு கையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரேடியோ அலைவரிசையை மாற்றி, இறங்கும் வழிக்கான வரைபடத்தையும் படிக்கும் சுமை மட்டும் ஒரே ஆளின் தலையில் ஏறிவிடுகிறது.

குளிர்காலத்தில் இந்தத் தனிமை இன்னும் கடுமையாகிறது. கேரவனின் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருப்பது. அதன் மேற்பரப்பில் படிந்த பனியைத் தரையில் நின்று பார்க்க முடியாது. மெல்லிய பனிப்படலம்கூட இறக்கையின் தூக்குவிசையைக் குறைத்துவிடும் என்பதால், கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையால் தொட்டும் பார்க்க வேண்டும் என்று கேரவனுக்கென்றே 2005இல் உத்தரவு வந்தது. விடியாத இருட்டில் ஏணி போட்டு ஏறி, உறைந்த உலோகத்தை விரலால் தடவிப் பார்ப்பவர் அந்தத் தனி விமானிதான். அதே ஆண்டு அக்டோபரில், கனடாவின் வின்னிபெக்கிலிருந்து சரக்கோடு கிளம்பிய கேரவன் ஒன்று பறக்கும்போதே பனி பிடித்து, நகருக்குள் ரயில் பாதையருகே விழுந்தது. விமானி இறந்தார். பனி பிடிக்கக்கூடிய வானிலைக்கென்று வகுத்த எடை வரம்பை அந்த விமானம் தாண்டியிருந்தது என்பதும் விசாரணையில் தெரிந்தது. அடுத்த ஆண்டே கேரவனைப் பனியில் ஓட்டுவதற்கான கட்டுப்பாடுகள் இறுகின.

நூறு பேர் போகும் விமானத்துக்கும் ஒருவர் போகும் விமானத்துக்கும் ஒரே அளவு பாதுகாப்பை எப்படிக் கேட்கலாம் என்று சிலர் கேட்கக்கூடும். விபத்தில் சிக்குபவர்கள் விமானத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே என்றால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கும். 1992இல் ஆம்ஸ்டர்டாமின் பைல்மர் பகுதியில் சரக்கு விமானம் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. இறந்த 43 பேரில் விமானத்தில் இருந்தவர்கள் நால்வர்தான். மற்றவர்கள் வீட்டில் இருந்தவர்கள். அது பெரிய ஜம்போ விமானம், கேரவனோடு ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் வின்னிபெக்கில் ரயில் பாதையருகே விழுந்த சிறு விமானம் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால்?

செலவைக் காட்டும் வாதம் இன்னும் வலுவானது. பெரிய சரக்கு விமானங்களின் விஷயத்தில் அது ஏற்கெனவே வென்றும் இருக்கிறது. 2009இல் பஃபலோ அருகே பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விமானிகள் சரியாகத் தூங்காதது விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. பெரிய விமான நிறுவனங்களின் விமானிகளுக்குப் புதிய ஓய்வு விதிகள் எழுதப்பட்டன. 2010இன் வரைவில் சரக்கு விமானிகளும் இருந்தார்கள். இறுதி விதியில் இல்லை; செலவு பலனைவிட அதிகம் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். அது நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2013 ஆகஸ்டில், அலபாமாவின் பர்மிங்காமில் விடியுமுன்னே இறங்க வந்த பெரிய சரக்கு விமானம் தரையில் மோதி இரு விமானிகளும் இறந்தனர். அவர்கள் களைப்பைப் பற்றியும், சரக்கு விமானிகளை விட்டுவிட்ட விதியைப் பற்றியும் பேசிக்கொண்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருந்தது. துணை விமானி தனக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று விசாரணை வாரியம் சொன்னதையும் மறைக்கக் கூடாது. புதிய விதி இருந்தால் அந்த விபத்து நடந்தே இருக்காது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடல் தூக்கத்துக்கு ஏங்கும் என்று பயணிகள் விமானத்துக்கான விதியே ஒப்புக்கொள்கிறது. பின்னால் பெட்டிகள் இருந்தால் மட்டும் உடல் விழித்துக்கொள்ளுமா?

செலவு சிறு நிறுவனங்களுக்கு உண்மையான பாரம். லாபம் குறைவு, விமானங்கள் பழையவை. ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விதி என்றால், பாதுகாப்பில் மிச்சம் பிடித்துக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் வாங்க யாராலும் முடியாது. கூடுதல் செலவு பார்சல் கட்டணத்தில் பிரிந்து போய்விடும்.

விமானிகளே விரும்பித்தானே வருகிறார்கள் என்பார்கள். விரும்பித்தான் வருகிறார்கள். 1,200 மணி நேரம் பறந்தவர் கருவிகளை நம்பித் தனியாகச் சரக்கு ஓட்டலாம். பயணிகள் விமான நிறுவனத்தில் சேரப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். இடைப்பட்ட நேரத்தைச் சேர்க்க இந்த வேலை உதவுகிறது. அந்த நேரம் சேர்ந்ததும் போய்விடுகிறார்கள். குறைகளை நன்றாக அறிந்தவர் அவற்றைப் பேசத் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுகிறார், அனுபவம் குறைந்த இன்னொருவர் அந்த இருக்கைக்கு வருகிறார். இவர்களுக்காகப் புதிதாகப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். இரண்டாவது விமானி அல்லது ஆட்டோபைலட் என்னும் அந்த விதியில், ‘பயணிகளை ஏற்றிய’ என்ற நிபந்தனையை நீக்கி, பழைய விமானங்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்தால் போதும்.