கோட்டைகள் விழுந்த மண்ணில் திருமறைத் தியானம்

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவற்றை அடுத்த திருப்பத்தூர்ப் பகுதியும் சேர்ந்த நிலப்பரப்பு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களில் பாராமகால் என்று குறிக்கப்படுகிறது. குன்றுகளின் உச்சியில் நின்ற பன்னிரண்டு கோட்டைகளே அப்பெயருக்குக் காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அதற்கு நெடுங்காலம் முன்பு, தருமபுரி தகடூர் என்ற பெயரில் அதியமான்களின் தலைநகராக விளங்கிய காலத்திலேயே, அவ்வூர்க் கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு அழித்தான். தகடூரை எறிந்தவன் என்பதே அவனுக்கு அடைமொழியாகவும் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் மைசூர் அரசுக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் இப்பகுதிக் கோட்டைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் வசமானபோது, நிர்வாகப் பொறுப்பேற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் தங்கிய தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராகவே உயர்ந்தார். இந்த மண்ணில் கோட்டை கட்டியவர்கள் பலர்; அதற்குள் தலைமுறை தலைமுறையாக அச்சமின்றி வாழ்ந்தவர்கள் என்று எவரையும் வரலாறு எளிதில் காட்டிவிடாது.

இத்தகைய நிலத்தில் வாழும் கிறித்தவர் ஒருவர் தம் திருமறையைத் திறக்கும்போது எதிர்கொள்ளும் முதன்மையான உருவகங்களுள் ஒன்று கோட்டைதான். சீர்திருத்தச் சபையார் சங்கீதப் புத்தகம் என்றும், கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் வழங்கும் 150 பாடல்களின் தொகுப்பில், கடவுள் கன்மலையாகவும் அரணாகவும் கேடயமாகவும் அடைக்கலமாகவும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறார். 18, 31, 46, 62, 91 ஆகிய பாடல்கள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். இவற்றுள் 46ஆம் பாடல், பூமி நிலைமாறி மலைகள் கடலின் நடுவே பெயர்ந்து விழும் காட்சியை முன்வைத்து, அப்போதும் அஞ்சப்போவதில்லை என்று கூறுகிறது. மலையே பெயரும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்பாடல் அடைக்கலத்தைப் பற்றிப் பேசுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில், அழிவே வராது என்று உறுதி சொல்லும் பாடலாக அதை வாசிப்பவர் அதன் தொடக்க அடிகளையே தாண்டிச் சென்றுவிட்டவர் ஆகிறார்.

இப்படித் தாண்டிச் செல்லாமல் ஒரு பகுதியிலேயே தங்கி நிற்பதற்குத்தான் கிறித்தவ மரபு தியானம் என்று பெயரிடுகிறது. மனத்தை எண்ணங்களிலிருந்து வெறுமையாக்கும் பயிற்சி இதில் முதன்மையன்று. திருமறையின் சிறு பகுதியொன்றை மெல்ல வாசித்து, அதையே வாய்க்குள் முணுமுணுத்து, பொருளை வாழ்வோடு உரசிப் பார்த்து, அதிலிருந்து எழும் வேண்டுதலைக் கடவுளிடம் சொல்லி, பின் அவர்முன் அமைதியாக இருப்பதே இதன் நடைமுறை. முதலாம் சங்கீதம் இரவும் பகலும் இறைவனின் சட்டத்தைச் சிந்திப்பவரை நீர்க்காலோரம் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பிடுகிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எனப்படும் பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில் உடலுழைப்புக்கும் இறைவாசிப்புக்கும் நாளின் நேரங்களைப் பிரித்துக் கொடுத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், மன்றாட்டு, இறைக்காட்சி என நான்கு படிகளைக் கொண்ட ஏணியாக அதை விளக்கினார். 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூல், நற்செய்திக் காட்சிக்குள் வாசகரே நுழைந்து பார்க்கவும் கேட்கவும் பழக்கியது. 1606இல் மதுரைக்கு வந்து, 1623இல் அங்கிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குச் சென்ற இராபர்ட் தே நொபிலி, அந்தப் பயிற்சியில் உருவான சேசு சபைத் துறவியே.

ஆயினும் துறவியின் தியானத்துக்கும் உழவரின் தியானத்துக்கும் நடுவில் ஒரு நடைமுறைத் தடை இருந்தது: வாசிக்கத் தமிழில் நூல் வேண்டும், அதை வாசிக்கும் வாய்ப்பும் வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்த பின்னரே அத்தடையின் முதல் பாதி விலகத் தொடங்கியது; கத்தோலிக்கரிடையே பொதுமக்களின் கையில் விவிலியத்தைக் கொடுக்கும் முயற்சி, 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்ட பிறகு வேகம் பெற்றது. பல சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1997 ஜனவரியில், சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டமாயிற்று.

விவிலியம் தமிழில் மக்கள் கைக்கு வந்ததன் பயனை நெருங்கிப் பார்க்க விரும்புவோர் அன்பியக் கூட்டங்களைக் கவனிக்கலாம். அன்பியம் என்பது ஒரு பங்கில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியில், அடுத்தடுத்த வீட்டார் சிலர் சேர்ந்து அமையும் சிறு குழு; வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ பாயை விரித்து, வேலை முடிந்த மாலையில் அவர்கள் கூடுகின்றனர். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி உலகின் பல நாடுகளுக்கும் பரவிய ஏழு படிகள் கொண்ட பகிர்வு முறை தமிழகத்திலும் பயன்பாட்டில் உள்ளது. முதலில் ஆண்டவரை அழைக்கின்றனர். ஒருவர் நற்செய்திப் பகுதியை உரக்க வாசிக்கிறார். அதன்பின் ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தொட்ட சொல்லையோ தொடரையோ மட்டும், விளக்கம் எதுவும் சேர்க்காமல், மும்முறை நிறுத்தி நிறுத்திச் சொல்கின்றனர். எழுத்தறியாத மூதாட்டிக்கும் இங்கே முழு இடமுண்டு. காதால் கேட்டதில் ஒரு தொடரைப் பிடித்துக்கொள்ள அவருக்குப் பள்ளிப் படிப்புத் தேவையில்லை. ஒருவர் சொல்லும் தொடர் மற்றொருவர் கவனிக்காமல் விட்டதாக இருப்பதால், அடுத்து வரும் மௌன வேளையில் முழுப் பகுதியும் புதிதாகத் திறக்கிறது. பிறகு பகிர்தல், அந்த வாரம் செய்ய வேண்டிய செயலைப் பேசி முடிவெடுத்தல், இறுதி வேண்டுதல் என்று கூட்டம் தொடரும். அறிவுரை சொல்ல ஆசைப்படுவோருக்கு மூன்றாம் படிதான் மிகக் கடினமானது என்றால் மிகையாகாது.

இந்தப் பொறுமைக்கு எதிரான வாசிப்பு ஒன்றும் தமிழ்க் கிறித்தவரிடையே பரவலாக உள்ளது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் விவிலிய வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தைப் பலரும் அறிவர். நாட்காட்டியின் தலைப்பிலும், வேனின் முன் கண்ணாடியிலும், வீட்டு நிலைப்படியின் மேலும் அச்சிட்ட வசனங்கள் இடம்பெறுகின்றன. இவ்வழக்கத்தில் தவறொன்றும் இல்லை. நாள்தோறும் கண்ணில் படும் வசனம் மனத்தில் ஊன்றிவிடும் என்பது உண்மையே. ஆனால் வசனம் அதன் இடத்திலிருந்து கத்தரிக்கப்பட்டுத் தாயத்தைப் போல் கட்டிக்கொள்ளப்படும்போது, அது தரும் ஆறுதல் முதல் அடியிலேயே முறிந்துவிடுகிறது. எதிர்காலமும் நம்பிக்கையும் தரும் திட்டங்கள் தம்மிடம் உள்ளதாகக் கடவுள் கூறும் எரேமியா 29ஆம் அதிகாரத்து வசனம் அட்டைகளில் மிகவும் விரும்பி அச்சிடப்படுவது. அது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட மடலின் ஒரு பகுதி என்பதும், எழுபது ஆண்டுகள் கழித்தே திரும்புவீர்கள், ஆகவே அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போட்டு அந்த நகரின் நலனை நாடுங்கள் என்று அம்மடல் சொல்வதும் அட்டையில் இருப்பதில்லை. பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் தருமபுரிக் குடும்பங்களுக்கு அட்டையில் உள்ள ஒற்றை வரியைவிட அந்த முழு மடல் நெருக்கமானது: உடனே ஊர் திரும்பலாம் என்று அது ஆசை காட்டுவதில்லை, வேற்றூரில் வாழும் ஆண்டுகளை வீணானவை என்று தள்ளுவதும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிய பாடல்களுள் புகழ்மிக்க 91ஆம் சங்கீதத்தின் நிலை இன்னும் கூர்மையானது. கொள்ளைநோயும் இரவின் திகிலும் அணுகாது என்றும், வானதூதர்கள் தாங்கிக்கொள்வர் என்றும் கூறும் இப்பாடலைப் பல வீடுகளில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பர். மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளும் இப்பாடலை எங்கே காட்டுகின்றன என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும்: இயேசுவைக் கோவிலின் உச்சியில் நிறுத்தி, கீழே குதித்துக் காட்டச் சொல்லும் சோதனைக்காரனின் வாயில்தான் இதன் வரிகள் வருகின்றன. இயேசு அப்பாடலை மறுக்கவில்லை; அதைக் கொண்டு கடவுளைச் சோதித்துப் பார்ப்பதைத்தான் மறுத்தார். பின்னர் அவர் சிலுவையில் அறையப்பட்டதையும் சேர்த்துப் பார்க்கும்போது, கிறித்தவம் பேசும் பாதுகாப்பு துன்பத்திலிருந்து தரப்படும் விலக்குரிமை அன்று, துன்பத்திலும் அறுபடாத உறவு என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

மகிழ்ச்சியைப் பற்றியும் திருமறை இவ்வாறே வளைந்து செல்லும் வழியில்தான் பேசுகிறது. சங்கீதங்களுள் பெரும் பங்கு புலம்பல்களே. 13ஆம் பாடல் எதுவரை, எதுவரை என்று நான்கு முறை கேட்டுவிட்டு, ஆறே வசனங்களுக்குள் பாட்டில் முடிகிறது, 88ஆம் பாடலோ இருளிலேயே நின்றுவிடுகிறது. அந்த இருண்ட பாடலையும் நீக்காமல் வழிபாட்டு நூலுக்குள் வைத்திருப்பது, மனம் சோர்ந்தவர்களை மகிழ்ந்தாக வேண்டும் என்று அதட்டும் போதகர்களுக்கு நல்ல பதில். பவுல் சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் திருமுகம் நான்கே அதிகாரங்கள் கொண்டது. அதற்குள் மகிழ்ச்சி பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பேசப்படுகிறது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

அருகிலேயே வாழ்ந்து காட்டப்பட்ட ஒரு வாழ்வே இதற்குச் சான்றாகிறது. பழைய பாராமகாலின் ஒரு பகுதியான திருப்பத்தூரில், 1921ஆம் ஆண்டு, சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதர் உடுத்தி, எளிய மரக்கறி உணவு உண்டு, மணம் புரியாமல் நோயாளிகளுக்கு ஊழியம் செய்த இவ்விருவரும் மக்களால் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டனர். தென்னிந்தியக் கோவில் அமைப்பில் எழுந்த அவர்களது ஜெபாலயத்தில் இறைவேண்டலும் தியானமும் அன்றாடம் நிகழ்ந்தன. செல்வக் குடும்பத்தில் பிறந்த பேட்டன், கதர் அணிந்த வெள்ளையர் என்பதால் ஆட்சியாளரின் ஐயத்துக்கு ஆளாகி, 1932இல் சென்னையில் காவலரின் தடியடியையும் பட்டார். தியானம் அவர் முதுகை அடியிலிருந்து காக்கவில்லை. அடிபட்ட பின்பும் அவர் திருப்பத்தூரின் நோயாளிகளிடமே திரும்பி வந்தார்.

வானம் பார்த்த நிலங்கள் மிகுந்த தருமபுரிக்கு இவற்றையெல்லாம் விட அணுக்கமாகப் பேசும் பகுதி ஆபகூக் என்னும் சிறு தீர்க்கதரிசன நூலின் இறுதியில் உள்ளது. பாபிலோனியப் படை எழுந்து வந்த காலத்தில் வாழ்ந்த தீர்க்கதரிசி ஆபகூக், மூன்றே அதிகாரங்கள் கொண்ட நூலின் தொடக்கத்தில், கொடுமையைக் கண்டும் ஏன் பேசாதிருக்கிறீர் என்று கடவுளிடமே வழக்காடுகிறார். முடிவில், அத்தி பூக்காமலும் திராட்சை காய்க்காமலும் ஒலிவ மரம் பலன் தராமலும் வயலில் விளைச்சல் இல்லாமலும் பட்டியில் ஆடும் தொழுவத்தில் மாடும் அற்றுப்போனாலும், தம்மை மீட்கும் கடவுளில் களிகூர்வதாக அறிவிக்கிறார். இப்பகுதியைத் தியானிக்கும் பாலக்கோட்டு உழவரோ பென்னாகரத்து உழவரோ அத்திக்குப் பதில் மாவையும், திராட்சைக்குப் பதில் புளியையும், வயலில் கேழ்வரகையும் நிலக்கடலையையும் வைத்துச் சொல்லிப் பார்க்கலாம். அப்போது அது தொலைதூர நாட்டின் பட்டியலாக இராது, மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறும் வற்றிய ஆண்டின் கணக்காகவே ஒலிக்கும். இழப்புகளை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்வதற்கு அந்தத் தீர்க்கதரிசி வெட்கப்படவில்லை என்பதும், களிகூர்தலை அந்த எண்ணிக்கைக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்தார் என்பதும் மெதுவாக வாசிப்பவருக்கே புலப்படும். கடன் தள்ளுபடிக்கும் குடிநீருக்கும் விளைபொருள் விலைக்கும் குரல் கொடுப்பதை இத்தகைய தியானம் தடுப்பதுமில்லை, ஏனெனில் ஆபகூக்கே நூல் முழுவதும் நியாயம் கேட்டவர்தான்.

அந்த நூலின் கடைசி வரியைப் பெரும்பாலோர் வாசிக்காமல் விட்டுவிடுகின்றனர். அது பாடகர் தலைவருக்கு எழுதப்பட்ட சிறு குறிப்பு, நரம்புக் கருவிகளோடு இதைப் பாட வேண்டும் என்று சொல்வது. விளைச்சல் முழுவதும் போன ஒருவரின் தனி வேண்டுதல், சபையார் ஒன்றுகூடிப் பாடுவதற்குரிய பாட்டாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பாடியவர்களுள் அந்த ஆண்டு நல்ல மகசூல் கண்டவர்களும் இருந்திருப்பர்.