பிழையே கூடாதா?

2014-இல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பினாங்குப் பாலம் வந்து இறங்கியது நம் பத்து காவானில்தான். இங்குள்ள மின்னணு, மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளில் கடுகளவு பிழையும் ஆகாது. அந்தக் கண்டிப்பு நியாயமே. அதே கண்டிப்போடு ஒருவர் தன்னையும் சோதிக்கும்போதுதான் மனம் சோர்கிறது.

கனடாவின் ஹெவிட், ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் ‘குறையே கூடாது’ என்கிற இந்த மனப்போக்கை மூவகையாகப் பிரித்தார்கள். தன்னிடம் குறை பொறுக்காதவர், பிறரிடம் பொறுக்காதவர், ‘என்னிடம் குறை கண்டால் யாரும் பொறுக்கமாட்டார்கள்’ என்று நம்புகிறவர். மனச்சோர்வோடு அதிகம் ஒட்டியிருப்பது மூன்றாவது. பாராட்டிலும் இந்த மூன்றாம் வகையினர் காதில் குறைதான் விழும். அது பெரிய வேதனை.

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லை என்றால் அரசு கிளினிக் மருத்துவரைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.