ஊர முடியாத தேர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



குறுந்தொகையின் 61 ஆம் பாடலில் ஒரு பொம்மைத் தேர் வருகிறது. பாடியவர் தும்பிசேர் கீரனார். தச்சன் செய்து கொடுத்த சின்னஞ்சிறு தேர் அது. அதில் ஏறி ஊர்ந்து செல்ல முடியாது. ஆனாலும் சிறுவர்கள் அதைக் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். தலைவனோடு கூடி வாழும் இன்பம் வாய்க்காவிட்டாலும் அவனது நட்பே எமக்கு இன்பம் என்று தோழி சொல்வதற்கு அந்தத் தேரே உவமையாகிறது. பட்டினப்பாலையிலும் சிறுதேர் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரத் தேருக்கு, கோழியை விரட்டப் பெண்கள் வீசிய காதணி குறுக்கே கிடந்து தடையாகிறது. துறைமுகப் பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் சக்கரத்துக்கும் அன்றே உறவு இருந்திருக்கிறது.

நானும் துறைமுகப் பட்டினத்துப் பிள்ளைதான். திருகோணமலையில் சிறுவனாக இருந்தபோது பால்மா ரின்னை வெட்டி, தேய்ந்த செருப்பின் றப்பரில் சக்கரம் அறுத்து, கார் செய்து உருட்டியவன். அறுபது வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் ஒரு கார் செய்தேன். அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

என் தாய்மாமா கார் திருத்தும் தொழில் செய்தவர். 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டபோது, அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பல கை மாறி, எழுபதுகளில் மாமாவிடம் வந்து சேர்ந்தது. எம்.ஜி. ரி.சி. என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை ஏறக்குறைய 10,000 கார்களே அந்த வகையில் செய்யப்பட்டன. இரண்டே இருக்கைகள். மரச்சட்டத்தின் மேல் தகடு. கம்பி ஆரங்கள் கொண்ட ஒல்லியான 19 அங்குலச் சக்கரங்கள். முன்கண்ணாடியை மடித்துச் சாய்த்துவிடலாம். பின்னால் பெற்றோல் தாங்கியோடு ஒட்டியபடி உதிரிச் சக்கரம். மாலை நேரங்களில் மாமாவும் மாமியும் அதில் உட்துறைமுக வீதியால் போவார்கள். சில நாட்களில் மாமியின் மடியில் எனக்கும் இடம் கிடைக்கும்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. குடும்பம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது கார் நின்ற கொட்டிலின் சீமெந்துத் தரை மட்டுமே மிஞ்சியிருந்தது. வீட்டிலிருந்த அல்பங்களும் போய்விட்டன. அந்தக் காருக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. பின்னர் மாமியும் காலமானார்.

வெளிநாட்டிலுள்ள மைத்துனர் ஒருவர் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியொன்றை அனுப்பினார். அளவு 1/24. மூன்றரை மீற்றர் நீளமான கார் பதினைந்து சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். ஆனால் பெட்டியில் இருந்தது ஏதோ ஒரு எம்.ஜி. எனக்கு வேண்டியது மாமாவின் எம்.ஜி.

அதற்கு மாமாவிடம்தான் போக வேண்டியிருந்தது. எண்பதைத் தாண்டியவர். கண் மங்கல். கைக்கு மட்டும் எல்லாம் ஞாபகம்.

"மாமா, இடப்பக்க மட்காட்டில ஒரு நெளிவு இருந்ததெல்லோ? எவ்வளவு பெரிசு?"

"உள்ளங்கையை வைச்சால் அப்பிடியே பொருந்தும், தம்பி."

அவருடைய உள்ளங்கையை அளந்து 24 ஆல் வகுத்தேன். நான்கு மில்லிமீற்றர். அந்த நான்கு மில்லிமீற்றர் நெளிவை உண்டாக்க மூன்று மாலைகள் சென்றன. பெட்டியில் வந்த சக்கரத்தின் ஆரங்கள் தடித்திருந்தன. அவற்றை வெட்டியெறிந்து, மீன்பிடிக்கும் தங்கூசியில் மிக மெல்லியதை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டினேன். மாமா தானே ஒட்டிப் பொருத்திய சாமான் தட்டைக் கடதாசிக் கிளிப்பை நிமிர்த்திச் செய்தேன். இருக்கைக்கு மாமியின் பழைய கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தோலை உட்புறம் சீவி மெலிதாக்கி ஒட்டினேன்.

வர்ணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரிய காரின் கரும்பச்சையை அப்படியே பூசினால் சின்னக் கார் கறுத்துத் தெரியும். தூரத்தில் நிற்கும் பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றினால் வெளிறும். பதினைந்து சென்ரிமீற்றர் கார், கண்ணுக்குத் தூரத்துக் காரே. ஆகவே பச்சையோடு சிறிது சாம்பல் நிறம் கலந்தேன்.

அடுத்தது புகைப்படம். இக்கலையில் பெயர்பெற்றவர் அமெரிக்கரான மைக்கேல் போல் சிமித். 1/24 அளவுக் கார்களையும் தாமே செய்த சிறு கட்டடங்களையும் மேசையில் வைத்து, பின்னணியில் உண்மையான மரங்களும் வீடுகளும் வரும்படி சாதாரணக் கமராவால் படம் எடுத்து, 'எல்ஜின் பார்க்' என்ற கற்பனை ஊரையே உண்டாக்கியவர். 2018 இல் மறைந்தார்.

அவர் வழியை நானும் பின்பற்றினேன். உட்துறைமுக வீதியோரம் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு பலகை, பலகையில் கார். பின்னால் உண்மையான துறைமுகம். நிற்கும் மனிதனின் கண்மட்டத்தை 24 ஆல் வகுத்தால் ஏழு சென்ரிமீற்றருக்கும் குறைவு. கமராவின் வில்லை பலகைக்கு மேல் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் உயர்ந்தாலும் பொம்மையைக் குனிந்து பார்ப்பது போலாகிவிடும். காரைக் கூர்மையாக எடுத்தால் துறைமுகம் கலங்கும். அதற்காகக் கமராவைச் சற்றுப் பின்னே நகர்த்தி, வில்லையின் துவாரத்தை மிகச் சிறிதாக்கி, காலில் பொருத்தி அசையாமல் எடுத்தேன்.

முதல் நாள் படங்கள் எல்லாம் வீண். பலகையில் கடற்கரை மணலைப் பரப்பியிருந்தேன். ஒரு மில்லிமீற்றர் மணி படத்தில் ஓரங்குலக் கல்லாகத் தெரிந்தது. கற்குவியலில் கார் நிற்பது போலிருந்தது. மறுநாள் அடுப்புச் சாம்பலை அரித்துத் தூவினேன். பொழுது சாயும் நேரம். காருக்கும் துறைமுகத்துக்கும் ஒரே சூரியன். நிழல்கள் ஒரே பக்கம் சாய்ந்தன. அந்தப் படத்தில் மாமாவின் எம்.ஜி. உட்துறைமுக வீதியில் நின்றது.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாமாவிடம் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இடப்பக்க சீற்றில மாமியின்ர குடை கிடக்குமே, தம்பி" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. நான் திரும்பிப் போய், ஊசியும் கறுப்புத் துணியும் கொண்டு நான்கு சென்ரிமீற்றர் குடையொன்று செய்து, மறுபடியும் படம் எடுத்தேன்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். மாமாவின் மகள் கனடாவில் இருக்கிறாள். தகப்பன் கைத்தொலைபேசியில் அனுப்பிய படத்தைக் கண்டு அழுதபடி எனக்குப் பேசினாள். "அண்ணா, எங்கட கார்ப் படம் கிடைச்சிட்டுதாமே? ஆர் வைச்சிருந்தவை?" அதற்குள் உறவினர் பலருக்கும் அனுப்பிவிட்டாளாம்.

பதில் சொல்ல நா எழவில்லை. பேசாமல் விட்டால் ஒரு குடும்பம் மகிழ்ந்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் பழைய படமொன்று வெறும் படமல்ல, சாட்சி. எத்தனையோ வீடுகளில், இல்லாதவர்களின் ஒரேயொரு படத்தை இன்றும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் நடுவே என் சாம்பல் வீதியை உண்மையென்று உலவவிட எனக்கு உரிமை உண்டா? மாமாவிடம் கேட்டேன்.

"பின்னால எழுதிவிடு, தம்பி. இது நீ செய்தது. என்ர கார் போனது போனதுதான். ஆனால் என்ர ஞாபகத்தைக் கேட்டு ஒருத்தன் செய்தான் எண்டது பொய்யில்லையே."

அன்றிரவே அவளுக்கு உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "குடையும் நீங்கள் செய்ததோ?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "அப்ப அந்தப் படத்தில ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கோ" என்றாள்.

நேயர்களே, கீரனாரின் சிறுவர்களுக்குத் தங்கள் தேர் ஊராது என்பது தெரியும். தெரிந்துதான் இழுத்து மகிழ்கிறார்கள். கதை எழுதுவோர்க்கும் அதுவே நெறி என்று நினைக்கிறேன். இழந்ததை எவ்வளவு நுணுக்கமாகவும் செய்து காட்டலாம். செய்தது என்பதை மட்டும் மறைக்கலாகாது.

மாமாவின் படத்தின் பின்புறத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'மாதிரிக் கார். அளவு 1/24. மாமா சொல்ல மருமகன் செய்தது.'