சுத்தம் செய்யும் கம்பி எங்கே போயிற்று?

இத்துறையில் எனக்கு மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமையுரையாற்ற என்னை அழைத்திருக்கிறார்கள். பெருமையாக இருக்கிறது, சற்றுப் பதற்றமாகவும் இருக்கிறது.

'படைத்துறைத் துப்பாக்கிகளின் நம்பகத்தன்மையும் பொறுப்பான கையாளலும்' என்பது கருத்தரங்கத் தலைப்பு. நம்பகத்தன்மைக்கு இன்றைய அமர்வுகள், கையாளலுக்கு நாளைய அமர்வுகள் என்று நிரலில் பிரித்திருக்கிறார்கள். கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தேன். தரமானவை, அவற்றைப் பற்றி அந்தந்த அமர்வுத் தலைவர்கள் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது இந்தப் பிரிவினைதான். நம் ஆய்வுகளும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. உலோகமும் உந்துமருந்தும் ஒரு சாராருக்கு, பயிற்சியும் ஒழுங்கும் இன்னொரு சாராருக்கு. எம்-16 துப்பாக்கி வியட்நாமில் பட்ட பாட்டை இவ்வளவு காலம் விவாதித்தும் நாம் ஒரு முடிவுக்கு வராததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

செய்தி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1967 ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகே 861, 881 குன்றுகளில் நடந்த சண்டையில் அமெரிக்க மரைன் வீரர்களின் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. தோழர்கள் பலர் இறந்ததற்குத் தங்கள் துப்பாக்கியே காரணம் என்று ஒரு வீரர் ஊருக்கு எழுதிய கடிதத்தை, நியூ ஜெர்சி உறுப்பினர் ஜேம்ஸ் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் எடுத்துவைத்தார். ரிச்சர்ட் இகார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து, அக்டோபரில் அறிக்கை தந்தது. தோட்டாவின் உந்துமருந்தை ஐ.எம்.ஆர். வகையிலிருந்து உருண்டைத் துகள் வகைக்கு மாற்றியதும், போதிய சோதனையின்றி மாற்றியதும் முதன்மைக் குற்றம் என்றது அறிக்கை. புதிய மருந்தால் சுடும் வேகம் நிமிடத்துக்கு 850 என்ற வரம்பைத் தாண்டியது, கசடும் கூடியது. தொழிற்சாலையில் துப்பாக்கியைத் தேற்ற ஒரு மருந்து, போர்க்களத்தில் சுட வேறொரு மருந்து என்ற அநியாயமும் அப்போதுதான் வெளிவந்தது.

1981இல் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் இதையே விரித்து எழுதினார். அதன்பின் 'மருந்துதான் காரணம்' என்பது நம்மிடையே கிட்டத்தட்ட வேதவாக்காகிவிட்டது. எதிரணியில் இருப்பவர், இந்த அவையிலேயே இருக்கும் என் மதிப்பிற்குரிய நண்பர். வீரர்கள் ஒழுங்காகத் துடைக்கவில்லை, அவ்வளவே என்பது அவர் கட்சி. அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் துடைக்கக் கம்பியும் தூரிகையும் கொடுக்கப்பட்டனவா என்ற கேள்வியை அவர் ஓரிடத்திலும் எழுப்பவில்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பே அதிகம் தேவையில்லை என்ற பேச்சு படைக்குள் பரவியிருந்தது. சுத்தம் செய்யும் கருவிகள் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. கம்பியை வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. கம்பி இல்லாதவனிடம் ஏன் துடைக்கவில்லை என்று கேட்பது ஆய்வாகாது.

அந்த அடைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தோட்டா வெடித்ததும் காலி உறை தோட்டா அறையிலிருந்து உருவப்பட்டு வெளியே தெறிக்க வேண்டும். எம்-16இன் அறைக்கு அப்போது குரோம் பூச்சு இல்லை. வியட்நாமின் ஈரத்தில் துரு அரித்துக் குழிகள் விழுந்த அறையில் பித்தளை உறை கவ்விக்கொள்ளும். போல்ட் மட்டும் பின்னால் போய், அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து காலி உறையின் முதுகில் முட்டும். இனி மேகசினைக் கழற்றி, முட்டி நிற்கும் தோட்டாவை வெளியே தள்ளி, குழல்வாய் வழியே கம்பியை விட்டுக் குத்தி உறையைப் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். குழல்வாய்க்கு முன்னால் கையை நீட்டாதே என்பது எல்லா நாட்டுப் பயிற்சியிலும் முதல் பாடம். குண்டு மழைக்கு நடுவே, நடுங்கும் கையோடு, அதே குழல்வாயில் கம்பியைச் செருகச் சொல்கிறது இந்தத் துப்பாக்கி. முட்டி நிற்கும் தோட்டாவை அகற்றினோமா என்று பார்க்கக்கூட அவகாசம் இல்லை. இங்கே நம்பகத்தன்மை எங்கே முடிகிறது, கையாளல் எங்கே தொடங்குகிறது? பழுதான பொருளைக் கொடுத்தவர்களே பழுதான கையாளலையும் கட்டாயமாக்கினார்கள்.

இதே துப்பாக்கி 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கத் தரைப்படை அதிகாரி ஹால் மூரின் படையிடம் இருந்தது. அவர் அதை வெகுவாகப் பாராட்டினார். அவருடைய வீரர்கள் அமெரிக்காவிலேயே அதில் பழகிவிட்டு வந்தவர்கள். மரைன்களுக்கோ 1967இல், களத்திலேயே, அதுவரை வைத்திருந்த எம்-14 துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார்கள். மருந்தை மட்டும் குற்றம் சொல்லும் கட்சி இந்த வேறுபாட்டுக்கு இதுவரை விடை சொல்லவில்லை.

இன்னொன்று. போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் பொத்தான் ஒன்றைச் சேர்க்கச் சொல்லித் தரைப்படை வாதாடியது, விமானப்படை வேண்டாமென்றது. அந்தப் பொத்தானைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். சிக்கிய உறையை உருவ அது ஒரு சிறிதும் உதவாது. அறைக்குக் குரோம் பூசியிருந்தால் உதவியிருக்கும். எம்-14இன் குழலுக்கே குரோம் பூசிய அதே படைக்கு இது தெரியாத செய்தி அல்ல. 1967இல்தான் அறைக்குப் பூச்சு வந்தது.

நாம் புறக்கணித்த ஆதாரம் ஒன்றும் இருக்கிறது. 1968இல் அமெரிக்கத் தரைப்படை வெளியிட்ட 32 பக்கப் படக்கதைக் கையேடு. வரைந்தவர் வில் ஐஸ்னர். துப்பாக்கியைப் பெண்ணாக உருவகித்து வைத்த அதன் தலைப்புகள் முகம் சுளிக்க வைப்பவை, நானும் சுளித்தேன். அதற்காகவே ஆய்வாளர்கள் அதை வேடிக்கைப் பொருளாக ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் எதை எந்தத் தூரிகையால் துடைப்பது, எங்கே எண்ணெய் விடுவது, அடைத்தால் என்ன செய்வது என்று ஒரு சாதாரண வீரனுக்குப் புரியும்படி அதில் இருக்கிறது. கையாளலையும் பராமரிப்பையும் பிரிக்காமல் ஒன்றாகவே சொல்கிறது. வீரர்களுக்கு என்னவெல்லாம் சொல்லப்படாமல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. குன்றுச் சண்டை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு வந்தது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி ஒரு துப்பாக்கியின் தோல்வியை எழுதும்போது, பண்டகசாலைப் பதிவேடுகளையும் படியுங்கள். எத்தனை துப்பாக்கி போயிற்று என்பதோடு எத்தனை கம்பி, எத்தனை தூரிகை போயிற்று என்பதையும் எண்ணுங்கள். நம் மாநிலத்திலேயே அருவங்காட்டில் 1904 முதல் உந்துமருந்து செய்கிறார்கள். திருச்சியில் துப்பாக்கி செய்கிறார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். மருந்தின் தரத்தை எப்படிச் சோதித்தார்கள், சோதனையில் தேறாததை என்ன செய்தார்கள் என்று அவர்கள் சொல்லக்கூடியதை இதுவரை யாரும் முறையாகப் பதிவு செய்யவில்லை. இளைய ஆய்வாளர்கள் இந்த ஆண்டே அந்தப் பணியைத் தொடங்க வேண்டும்.