கயிற்றில் சிற்பம் வடித்தவரின் காகிதங்கள்



1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரையும், அதற்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதியையும் ஈன்ற இந்த இராமநாதபுரத்துச் சேது நாட்டில், ஏட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆயினும் ஏடு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை புலவர்களின் சுவடிகளும் மன்னர்களின் செப்பேடுகளுமே. கையால் உழைத்துக் கலை படைத்த ஒரு பெண்ணின் கடிதக் கட்டு நம் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கடிதக் கட்டும் ஒரு சாசனமே, சுவடியைக் காக்கும் சிரத்தையோடு அதையும் காக்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்திருக்கும் விண்ணப்பம்.

இராமேசுவரம் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் நடந்து, அந்தத் தூண் வரிசையின் முடிவு காணாமல் திகைத்து நிற்காதவர் இந்தச் சபையில் ஒருவரும் இருக்கமாட்டார். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவெய்திய அந்தப் பெருங்கைங்கரியத்தைச் செய்வித்த மன்னர்களின் பெயர்களை நாம் அறிவோம். அவர்களுடைய உருவங்களையும் கல்லிலே காண்கிறோம். ஆனால் உளி பிடித்துச் செய்தவர்களை நாம் பெயர் சொல்லி நினைப்பதில்லை. எந்தக் கவலையோடு அவர்கள் வீட்டை விட்டு வந்தார்கள், எந்தத் தூண் அவர்களுக்கு நிறைவளித்தது, எது மனத்துக்குக் குறையாகவே நின்றது என்பவற்றையெல்லாம் அந்தக் கல் நமக்குச் சொல்லாது. செய்தவர் நெஞ்சைக் கல் சொல்லாத இடத்தில், அவர் எழுதிய காகிதம் சொல்லக்கூடும்.

இதற்கு நம் காலத்திலேயே ஓர் உத்தமமான உதாரணம் உண்டு. 1949ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்த மிருணாளினி முகர்ஜி என்னும் சிற்பியைத் தமிழ்நாட்டில் அறிந்தவர் சிலரே. அவருடைய தந்தையார் வினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனத்தின் சுவர்களில் மகத்தான சித்திரங்களைத் தீட்டியவர், ஐம்பதுகளில் கண்பார்வையை முற்றிலும் இழந்தும் கலையைக் கைவிடாதவர். தாயார் லீலா முகர்ஜியும் மரத்தில் உருவம் செதுக்கிய சிற்பியே. தந்தையார் சாந்திநிகேதனத்திலும், தாயும் மகளும் டேராடூனிலுமாகப் பிரிந்து வாழ நேர்ந்த அந்தக் குடும்பத்தில் கடிதம் என்பது எத்தகைய பந்தமாக இருந்திருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பார்வையற்றவருக்கு எழுதும் கடிதம் இன்னொருவர் குரலின் வழியாகவே அவரை அடைய வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பரோடாவில் கே. ஜி. சுப்ரமணியனிடம் பயின்ற மிருணாளினி, முதலில் கல்லையும் உலோகத்தையும் நாடாமல், கடைத்தெருவில் கிடைக்கும் சணல் கயிற்றைத் தம் ஊடகமாக வரித்துக்கொண்டார். கயிற்றுக்குச் சாயமேற்றி, முடிச்சின்மேல் முடிச்சாகத் தம் கையாலேயே இட்டு, ஆள் உயரத்தையும் மிஞ்சும் உருவங்களை மாதக்கணக்கில் உழைத்து எழுப்பினார். ‘யக்ஷி’, ‘ருத்ரா’, ‘வனஸ்ரீ’ என்று அவர் பெயரிட்ட அந்த உருவங்கள், தாவரமா தெய்வமா என்று பிரித்தறிய முடியாத கம்பீரத்தோடு நிற்கின்றன. வலையின் கிழிசலைச் சீர்செய்யும் கைகளையும், பனையோலையில் பெட்டி முடையும் விரல்களையும் நாள்தோறும் காணும் இந்தக் கடற்கரை மக்களுக்கு, முடிச்சுக்குள் எவ்வளவு பொறுமையும் எவ்வளவு புத்தியும் அடங்கியிருக்கின்றன என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

முன்கூட்டியே வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு அதன்படி செய்பவர் அல்லர் அவர். கை செல்லும் வழியே கற்பனையும் சென்றது. ஆகையால் ஒரு சிற்பம் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்புகிறவனுக்கு, அவர் விட்டுச் சென்ற புகைப்படங்களும் குறிப்புகளும் கடிதங்களுமே துணை. 2015ஆம் ஆண்டு தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி தொடங்கிய சில நாட்களுக்குள், பிப்ரவரி மாதத்தில் அவர் காலமானார். பின்னர் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையும், ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசியக் கலை ஆவணக் காப்பகமும் சேர்ந்து அவருடைய காகிதங்களை ஒழுங்குபடுத்தி, கணினி வழியே உலகத்தார் காணும்படி செய்திருக்கின்றன. 2019இல் நியூயார்க்கிலும், 2022இல் வெனிஸிலும் அவருடைய சிற்பங்கள் மக்கள் முன் வைக்கப்பட்டன. சிற்பத்தின் புகழும் காகிதத்தின் பாதுகாப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இங்கே காண்கிறோம்.

காகிதம் வெளிவராமல் கிடந்தால் நேரும் அநீதிக்குப் பிரெஞ்சு தேசத்துச் சிற்பி கமீல் கிளாடல் சாட்சி. 1913ஆம் ஆண்டில் குடும்பத்தாரால் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட அவர், மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று கருத்துக் கூறிய பின்னரும் குடும்பத்தார் இசையாமையால், 30 ஆண்டுகள் அடைபட்டிருந்து, 1943இல் மனநோய் விடுதியிலேயே மாண்டார். அவர் எழுதிய கடிதங்களில் பல உரியவர்களைச் சேராமல் விடுதியின் கோப்புகளிலேயே தங்கிவிட்டன. நெடுங்காலம் ரோதேன் என்னும் ஆண் சிற்பியின் சிஷ்யையாகவும் காதலியாகவும் மட்டுமே பேசப்பட்ட அவரை, அந்தக் கடிதங்கள் வெளிவந்த பிறகே உலகம் அவருடைய சொந்தக் குரலில் கேட்டது. 2017இல் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகமும் எழுந்தது.

சபையோர்களே, காகிதத்துக்குப் பகை மனிதரின் அலட்சியம் மட்டுமன்று என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அந்த இரவில், உயிர்களோடும் வீடுகளோடும் எத்தனை குடும்பங்களின் கடிதங்களும் கணக்கேடுகளும் படங்களும் போயின! உப்புக் காற்று வீசும் இந்தக் கரையில், தகரப் பெட்டிக்குள் வைத்த காகிதமும் தானே நிலைத்துவிடாது. ஒருவர் அக்கறை கொண்டால்தான் நிலைக்கும்.

அத்தகைய அக்கறைக்கு முன்மாதிரி தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் தொழிலை நடத்திய ரோஜா முத்தையா என்னும் தனிமனிதர், நூல்களோடு நில்லாமல், பிறர் குப்பையென்று ஒதுக்கிய துண்டறிக்கையையும் அழைப்பிதழையும் கடிதத்தையும்கூடப் பொக்கிஷமாகத் திரட்டினார். ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் கொண்ட அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சேகரம் தமிழகத்திலேயே இருக்கும்படி செய்ய, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. கோட்டையூரில் ஒருவரால் இயன்றது, ஓர் ஊரே கூடி முயன்றால் இயலாதா?

ஆகவே உங்களை நான் வேண்டுவது இது. உங்கள் வீட்டில் கோலம் வரைந்த பாட்டியின் நோட்டுப் புத்தகமோ, பொம்மை வனைந்த அத்தையின் கடிதமோ இருக்குமானால், பழைய காகிதத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எந்த ஆண்டு என்பதைத் தனித்தாளில் குறித்து அதனுடன் வையுங்கள்; படங்களின் பின்னே மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதுங்கள்; ஈரம் படாத இடத்தில் வைத்து, நல்ல நூலகம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். மாணவிகளே, நீங்கள் கலை பயில்கிறவர்களானால், செய்யும் வேலையைத் தேதியிட்டு இன்றே எழுதி வையுங்கள். பிராகாரத்துத் தூண்களைச் செய்தவர்களுக்கு நாம் செய்யத் தவறிய மரியாதையை, நம் காலத்துப் பெண் சிற்பிகளுக்கேனும் தவறாமல் செய்வோம்.